நீர்நிலையும் குடியமைப்பும்
(ஏரிகளின் வரலாறு நமக்குக் கூறுவது)

நாம் பள்ளியில் பயின்ற வரலாறு பெரும்பாலும் அரசர்களின் வரலாறாகவே இருந்தது. எந்த மன்னன் எந்த நாட்டை வென்றான், எத்தனை ஆண்டுகள் அரசு செலுத்தினான் என்பவற்றை மனப்பாடம் செய்தோம். அம்மன்னனும் அவன் படையும் குடித்த தண்ணீர் எங்கிருந்து வந்தது, அதனைத் தேக்கி வைத்தவர் யார், அந்தக் கரையில் குடியிருந்தவர் யார், கரையில் கால் வைக்கக் கூடாதென்று விலக்கப்பட்டவர் யார் என்ற வினாக்களை அந்நூல்கள் அரிதாகவே எழுப்பின. இவ்வினாக்களுக்கு விடை தேடும்போதுதான் வரலாறு நம்முடைய வரலாறாகவும் ஆகிறது. ஆகவே, பெரிய ஏரிகள் எவ்வாறு தோன்றின, மக்கள் ஏன் அவற்றின் கரைகளை நாடிச் சென்றனர் என்பதை முதலில் விளக்கி, பின்னர் நம் நாட்டு ஏரிகளுக்கும் நம் மக்களுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக் கூற இக்கட்டுரை முயல்கிறது.

ஏரிகள் பிறந்த வகை

ஏரி உண்டாக இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று பள்ளம், மற்றொன்று அப்பள்ளத்தை நிரப்பும் நீர். மழையும் ஆறும் பனியும் நீரைத் தருகின்றன. பள்ளத்தைத் தருவது எது? இவ்வினாவுக்கு நிலநூல் வல்லோர் பல விடைகளைக் கூறுகின்றனர்.

முதலாவது, நிலப்பிளவு. பூமியின் மேலோடு இருபுறமும் இழுபட்டு நடுவே இறங்கும்போது நீண்டு ஆழ்ந்த பள்ளத்தாக்கு உண்டாகிறது. சைபீரியாவிலுள்ள பைக்கால் ஏரி இவ்வாறு பிறந்தது. அதன் ஆழம் ஏறத்தாழ 1,642 மீட்டர். உலகில் அதைவிட ஆழமான ஏரி இல்லை. அதன் வயது சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகள் என மதிப்பிடப்படுகிறது. உறைந்து போகாமல் நிலத்தின் மேற்பரப்பில் உள்ள நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த ஓர் ஏரியில் அடங்கியுள்ளது. ஆப்பிரிக்காவின் டங்கனீக்கா ஏரியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இரண்டாவது, பனிப்பாறை. கடைசிப் பனியுகத்தில் வட அமெரிக்காவின் பெரும்பகுதியை மூடியிருந்த பனிப்பாறைகள் நிலத்தை அரித்தும் அழுத்தியும் அகன்ற பள்ளங்களை உண்டாக்கின. சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி அப்பனி உருகிப் பின்வாங்கியபோது, அந்தப் பள்ளங்களில் நீர் தேங்கி ஐம்பெரும் ஏரிகள் தோன்றின. அவற்றுள் பெரியதாகிய சுப்பீரியர் ஏரியின் பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர்.

மூன்றாவது, எரிமலை. சுமத்திராத் தீவிலுள்ள தோபா ஏரி, சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த மாபெரும் எரிமலை வெடிப்பின் வாயில் நிரம்பிய நீராகும். அவ்வெடிப்பின் சாம்பல் கடல் கடந்து இந்தியாவிலும் படிந்தது. நம் நாட்டு ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இன்றும் அதன் படிவுகளை ஆராய்ச்சியாளர் கண்டெடுக்கின்றனர்.

இவையன்றி வேறு வழிகளும் உண்டு. மகாராட்டிரத்தின் புல்தானா மாவட்டத்திலுள்ள லோனார் ஏரி, விண்கல் மோதிய குழியில் உண்டானது. தாசிகித்தானில் 1911ஆம் ஆண்டு நிலநடுக்கத்தால் மலை சரிந்து ஆற்றை மறிக்க, சாரேசு என்னும் ஏரி தோன்றியது. ஆறு தன் வளைந்த பழைய தடத்தைக் கைவிட்டு நேர்வழி செல்லும்போது, கைவிடப்பட்ட வளைவு ஏரியாக நின்றுவிடுவதும் உண்டு. பீகாரின் கன்வர் ஏரி இதற்குச் சான்று. கடலோரத்தில் அலைகள் மணலைத் திட்டாகக் குவித்து, உள்ளே நீரைச் சிறைப்படுத்தும்போது காயல் உண்டாகிறது. ஒடிசாவின் சில்கா, நம் தமிழகத்துக்கும் ஆந்திரத்துக்கும் பொதுவான பழவேற்காடு ஆகியவை இவ்வகையின.

ஏரிக்கும் வயது உண்டு

பிறந்த ஏரிக்கு மூப்பும் முடிவும் உண்டு. ஆறு நீரை மட்டும் கொண்டு வருவதில்லை. வண்டலையும் கொண்டு வருகிறது. ஆண்டுதோறும் படியும் வண்டல் ஏரியின் வயிற்றைச் சிறிது சிறிதாக நிரப்புகிறது. பின்னர் நாணலும் கோரையும் வளர்ந்து, சதுப்பாகி, முடிவில் அது மேய்ச்சல் நிலமாகிறது. தட்பவெப்பம் மாறினாலும் ஏரி மறையும். இன்று சுமார் 68,800 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் விக்டோரியா ஏரி, சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் வறண்டு கிடந்து பின்னர் மீண்டும் நிரம்பியது என்பதை அதன் அடிமண் காட்டுகிறது.

இயற்கை பல்லாயிரம் ஆண்டுகளில் செய்வதை மனிதன் ஒரு தலைமுறையில் செய்து முடித்ததும் உண்டு. மத்திய ஆசியாவின் ஏரல் கடல் 1960ஆம் ஆண்டளவில் உலகின் நான்காவது பெரிய ஏரியாக விளங்கியது. பருத்தி வேளாண்மைக்காக அதில் விழும் ஆமு தாரியா, சிர் தாரியா என்னும் இரு ஆறுகளையும் திசை திருப்பியதால் அது துண்டு துண்டாகச் சுருங்கியது. மீன்பிடித்து வாழ்ந்த துறைமுக ஊர்களிலிருந்து நீர் பல கிலோமீட்டர் விலகிப் போயிற்று. படகுகள் மணலில் நின்றன. உப்பும் நச்சு மருந்தும் கலந்த புழுதி மக்களின் நெஞ்சில் புகுந்தது. பருத்தியால் பயன்பெற்றவர்கள் தொலைவில் இருந்தனர். ஏரியை இழந்தவர்கள் கரையில் இருந்தனர். நீர் பற்றிய முடிவுகளை எடுப்பவர் ஒருவராகவும், அதன் துன்பத்தைச் சுமப்பவர் வேறொருவராகவும் இருக்கும் நிலை எந்த நாட்டுக்கும் புதிதன்று.

மக்கள் கரையை நாடியது ஏன்?

இசுரேல் நாட்டுக் கலிலேயாக் கடல் என வழங்கும் நன்னீர் ஏரியின் நீர்மட்டம் 1989இல் மிகத் தாழ்ந்தபோது, அதன் கரையடியில் ஒரு பழங்குடியிருப்பு வெளிப்பட்டது. அது சுமார் 23,000 ஆண்டுகள் பழமையானது. தழைகளால் வேய்ந்த குடிசைகளின் அடித்தடங்களும், ஏராளமான மீன் எலும்புகளும், காட்டுப் பார்லி, காட்டுக் கோதுமை முதலிய தானியங்களும் அங்கே கிடைத்தன. உழவு தோன்றுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே, மனிதன் ஏரிக்கரையில் நிலைத்து வாழ முற்பட்டான் என்பதற்கு இது அரிய சான்று. அதுபோலவே சுவிட்சர்லாந்தில் 1853-54ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சூரிக் ஏரியின் நீர் வற்றியபோது, வரிசை வரிசையாக நடப்பட்ட மரத்தூண்கள் தென்பட்டன. புதிய கற்காலத்திலும் வெண்கலக் காலத்திலும் மக்கள் ஏரியோரத்தில் தூண்கள் நாட்டி அவற்றின்மீது வீடு கட்டி வாழ்ந்தனர் என்பது அதனால் தெரியவந்தது.

அவர்கள் கரையை நாடிய காரணங்கள் எளியவை. ஆண்டு முழுவதும் குடிநீர் கிடைத்தது. மீனும் நீர்ப்பறவையும் கிழங்கும் உணவாயின. நீர் வடிந்த இடத்தில் எருவிடாமலே விளையும் வண்டல் நிலம் இருந்தது. நாணலும் கோரையும் கூரைக்கும் பாய்க்கும் பயன்பட்டன. சக்கரம் அறியாத காலத்திலும் படகு பாரத்தைச் சுமந்தது. பகைவர் வரும் வழியில் ஒரு பக்கத்தை நீரே காத்தது.

கம்போடியாவின் தொன்லே சாப் ஏரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மழைக்காலத்தில் மீகாங் ஆறு பெருகும்போது, ஏரியிலிருந்து வடியும் ஆறு திசை மாறி ஏரிக்குள்ளேயே பாய்கிறது. அதனால் ஏரி பல மடங்கு விரிகிறது. மூழ்கிய காடுகளில் மீன்கள் பெருகுகின்றன. நீர் வடிந்தபின் நெல் விளைகிறது. அங்கோர் பேரரசு அந்த ஏரியின் வடகரைக்கு அருகே தழைத்தது தற்செயலானதன்று.

மெக்சிகோ நாட்டில் அசுடெக் மக்கள் 1325ஆம் ஆண்டளவில் டெக்சுகோகோ ஏரியின் நடுவே ஒரு தீவில் தம் தலைநகரை நிறுவினர். ஆழமற்ற நீரில் சேற்றை வாரிக் குவித்துத் தோட்டத் திட்டுகள் அமைத்து, அவற்றில் சோளமும் காய்கறியும் விளைத்தனர். உப்புநீர் நன்னீரோடு கலவாதிருக்க நீண்ட கரை எழுப்பினர். 1521இல் ஸ்பானியர் அந்நகரைக் கைப்பற்றினர். நீரோடு வாழும் கலையை அறியாத புதிய ஆட்சியாளர் ஏரியை வடித்துவிட முற்பட்டனர். இன்று அந்த ஏரிப்படுகையின் மேல் நிற்கும் மெக்சிகோ நகரம் ஆண்டுதோறும் மண்ணுள் அமிழ்ந்து வருகிறது. கோடைக்காலத்தில் குடிநீருக்குத் தவிக்கிறது. ஏரியோடு வாழத் தெரிந்தவர்களின் அறிவை அழித்தால் ஏரியும் அழியும், ஊரும் இடர்ப்படும் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

தமிழகத்தின் ஏரி: மனிதன் படைத்த நீர்நிலை

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழகத்தில் கடலோரக் காயல்களை நீக்கினால், இயற்கையாக உண்டான பெரிய நன்னீர் ஏரி என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. நம் நிலம் மிகப் பழைய கடினப்பாறையால் ஆனது. அண்மைப் பனியுகத்துப் பனிப்பாறைகள் இதனைக் குடையவில்லை; பைக்கால் போன்ற பெரும்பிளவும் இங்கில்லை. மழையோ பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்தச் சில நாள் மழையை ஆண்டு முழுவதற்கும் பிடித்து வைக்காவிட்டால் இந்நாட்டில் மிகுதியான மக்கள் வாழ்ந்திருக்கவே முடியாது. ஆகவே இங்கே மக்கள் ஏரியைத் தேடிக் குடியேறவில்லை. குடியேறுவதற்காக ஏரியை உண்டாக்கினர். இன்று தமிழகத்தில் உள்ளவை எனக் கணக்கிடப்படும் சுமார் 39,000 ஏரிகளும் மனிதக் கைகள் படைத்தவையே.

அவற்றின் அமைப்பில் விளங்கும் அறிவு வியக்கத்தக்கது. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே மெல்லச் சாய்கிறது. சாய்வின் குறுக்கே வளைந்த கரை ஒன்றைப் போட்டால் மூன்று பக்கம் கரை, ஒரு பக்கம் நிலத்தின் ஏற்றம் என ஏரி அமைந்துவிடும். சிறு குளம் ஒன்றின் வளைந்த கரையை எட்டாம் நாள் பிறைக்குக் கபிலர் ஒப்பிட்டதைப் புறநானூற்றில் காணலாம். அதே நூலின் 18ஆம் பாட்டில், நிலம் பள்ளமாயுள்ள இடமெல்லாம் நீரைத் தேக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுரை கூறுகிறார். ஏரிக்கு நீர் கொண்டுவர வரத்துக்கால், வயலுக்கு நீர்விட மதகு, மிகுந்த நீர் வெளியேறக் கலங்கல், அவ்வாறு வெளியேறும் நீர் அடுத்த ஏரியை அடைய மறுகால் என ஒவ்வோர் உறுப்பும் கணக்காக அமைந்தது. பாண்டிய நாட்டுக் கண்மாய்களிலுள்ள குமிழித் தூம்பில் நீர் செல்ல ஒரு துளையும், சேறு செல்ல மற்றொரு துளையும் வைத்தனர். முன்னதை நீரோடி என்றும் பின்னதைச் சேறோடி என்றும் வழங்கினர். ஏரிக்கு மூப்பைத் தருவது வண்டல் என மேலே கண்டோம். அம்மூப்பைத் தள்ளிப்போடும் வழியை நம் முன்னோர் கல்லில் செதுக்கி வைத்திருந்தனர்.

ஊர்ப் பெயர்களே இவ்வரலாற்றைப் பேசும். பொன்னேரி, நாங்குநேரி, வேடந்தாங்கல், பழவந்தாங்கல், பெரியகுளம், விளாத்திகுளம், ஆலங்குளம் என்று ஏரியின் பெயரே ஊரின் பெயராயிற்று. ஏரி முன்னது, ஊர் பின்னது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

கல்வெட்டில் பெயர் பெற்றவரும் பெறாதவரும்

பெரிய ஏரிகளோடு மன்னர் பெயர்கள் இணைந்துள்ளன. முதற் பராந்தகன் காலத்து வீரநாராயணப் பேரேரி இன்று வீராணம் என வழங்குகிறது. 2004 முதல் அது சென்னை மாநகருக்குக் குடிநீரும் தருகிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் முதல் இராசேந்திரன் வெட்டுவித்த சோழகங்கத்தை, நீரால் ஆகிய வெற்றித்தூண் என்னும் கருத்துப்படத் திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. அந்தத் தூணுக்காக மண் சுமந்த தலைகள் எத்தனை ஆயிரம்? அவர்களில் ஒருவர் பெயரையும் செப்பேடு நமக்குச் சொல்லவில்லை.

உத்தரமேரூரில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பெரிதும் பாராட்டப்படுகின்றன. அங்கே ஏரியைக் கவனிக்கவே ஏரி வாரியம் என்ற தனிக்குழு இருந்தது. பாராட்டத்தக்க ஏற்பாடுதான். ஆயினும் அவ்வாரியத்தில் இடம்பெறத் தகுதி என்ன? கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். கரையை வெட்டியவனுக்கு நிலம் இல்லை, மனை இல்லை, வேதம் அவன் காதில் விழவும் கூடாது. ஆகவே ஏரியில் உழைப்பு அவனுடையதாகவும், ஏரியைப் பற்றிய முடிவு பிறருடையதாகவும் இருந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட நிலங்களைக் கணக்கிடும் இடத்தில், ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பனவும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் மக்களின் குடியிருப்பு ஊரிலிருந்து பிரித்து எழுதப்பட்டுவிட்டது என்பதற்கு இது கல்லில் எழுதிய சான்று. உலகெங்கும் மக்கள் நீரை நாடிக் குடியமர்ந்தனர் என்று கண்டோம். இங்கோ, நீரை உண்டாக்கியவர்கள் நீருக்கு அருகில் எங்கே இருக்கலாம், எங்கே இருக்கலாகாது என்பதைப் பிறர் முடிவு செய்தனர்.

மதகைக் காத்த கைகள்

கரையை எழுப்பியதோடு நம்மவர் பணி முடியவில்லை. நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடைக்காரர், கம்புகட்டி என்று வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர் மாறினாலும், மதகைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் நீரைப் பங்கிட்டவர்கள் பல மாவட்டங்களில் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்களே. கொட்டும் மழையில் நள்ளிரவில் கரையைச் சுற்றி வந்து, எலிவளையும் நண்டுவளையும் கண்டு அடைப்பது அவர்கள் கடமை. நீர் நிரம்பிய மதகுக்குள் மூச்சடக்கி மூழ்கி அடைப்பை எடுப்பதும் அவர்கள் கடமை. இவ்வளவு நீருக்கு இவ்வளவு நிலம் பயிராகும் என்று ஏரியைப் பார்த்தே மதிப்பிடும் திறமை அவர்களிடம் இருந்தது. நீர் குறைந்த ஆண்டில் யாருக்கு எத்தனை நாழிகை என்று முறைவைத்து, பெரிய நிலக்காரருக்கும் சிறிய நிலக்காரருக்கும் சண்டை மூளாமல் பங்கிட்டவரும் அவரே. அதற்குக் கூலியாக அறுவடைக் களத்தில் நெல் அளந்து கொடுத்தனர்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தமக்கென்று நிலம் இல்லாத ஒருவரிடம் ஊர் முழுவதன் நீரும் ஒப்படைக்கப்பட்டது. சொந்த வயல் இல்லாதவர் என்பதால் நடுநிலை தவறமாட்டார் என்று அதற்குக் காரணம் கூறுவர். அவர் நேர்மையின்மீது ஊர் வைத்த நம்பிக்கை உண்மையே. ஆனால் அந்த நேர்மைக்கு அடிப்படையாகக் காட்டப்பட்டது அவருடைய நிலமின்மை. அவர் கை பட்ட நீர் வயலுக்குப் பாய்ந்தால் நெல் தீட்டுப்படவில்லை. அதே கை ஊர்க்கிணற்றில் குடத்தை இறக்கினால் தீட்டு என்றனர். அறிவுக்குப் பொருந்தாத இந்த வேற்றுமையில் நீரின் தன்மை ஒன்றுமில்லை. உழைப்பு வேண்டும், உழைப்பவன் வேண்டாம் என்ற சமுதாயக் கணக்கே அதில் இருக்கிறது.

ஆங்கில ஆட்சியிலும் இக்கணக்கு மாறவில்லை. ஏரி, கால்வாய்களின் கரை உடையும் ஆபத்து வந்தால் கிராமத்து உழைப்பாளரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க 1858ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. கரையைக் காக்க அழைப்பதற்குச் சட்டம் இருந்தது. காத்த நீரைக் குடிக்க உரிமை தரும் சட்டத்துக்கு மேலும் பல்லாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

மகத் குளத்தில் பிறந்த வரலாறு

அந்த உரிமைக்கான போராட்டத்தின் முதன்மையான களம் ஒரு நீர்நிலையாகவே அமைந்தது. பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ். கே. போலே கொண்டுவந்த தீர்மானம் 1923இல் நிறைவேறி, பொது நீர்நிலைகளைத் தாழ்த்தப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்றது. மகத் நகராட்சியும் 1924இல் தன் சவுதார் குளத்தை அனைவருக்கும் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆனால் ஏட்டில் திறந்த குளம் நாட்டில் திறக்கவில்லை. பிற சமயத்தார் அங்கே நீர் எடுத்தனர், கால்நடைகளும் குடித்தன, தாழ்த்தப்பட்ட மனிதன் மட்டும் அஞ்சி விலகி நின்றான்.

1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் அமைதியாக ஊர்வலம் சென்று அக்குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். அவருடன் சென்றவர்களும் அருந்தினர். அதன்பின் மாநாட்டிலிருந்து திரும்பிய மக்கள் தாக்கப்பட்டனர். குளம் தீட்டுப்பட்டதென்று சொல்லி, பசுவின் சாணமும் சிறுநீரும் பாலும் தயிரும் நெய்யும் கலந்த குடங்களை ஊற்றிச் சடங்கு செய்தனர். நகராட்சி தன் தீர்மானத்தையும் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் மீண்டும் அங்கே கூடிய மாநாட்டில் மனுசுமிருதி எரிக்கப்பட்டது. வழக்கு பத்தாண்டுகள் நடந்தது. 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் மக்களின் உரிமைக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது.

நம் சென்னை மாகாணத்திலும் இதற்கான குரல் எழாமல் இல்லை. பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். பின்னர் 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தில் தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவு இடம்பெற்றது. அதற்கு முன்னுள்ள 15ஆம் பிரிவில், கிணறு, குளம், குளிக்கும் துறை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் யாருக்கும் தடையிருக்கலாகாது என்று வெளிப்படையாகவே எழுதப்பட்டுள்ளது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் குளம் என்ற சொல் ஏன் இடம்பெற வேண்டியிருந்தது என்று கேட்டால், மகத் அதற்கு விடை சொல்லும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நம் மக்கள் பயன்படுத்தும் நீரை மாசுபடுத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

இன்றைய நிலையும் இளைஞர் கடமையும்

இன்று ஏரிகளின் நிலை என்ன? சென்னையில் தியாகராய நகர் அமைந்திருப்பது நீண்ட ஏரியாக இருந்த நிலத்தில். 1920களில் அந்த ஏரி தூர்க்கப்பட்டது. அதன்பின் எத்தனையோ ஏரிகள் பேருந்து நிலையமாகவும் அலுவலகமாகவும் வீட்டுமனையாகவும் மாறின. வரத்துக்கால் அடைபட்டால் ஏரி வறளும். கலங்கல் வழி அடைபட்டால் ஊர் மூழ்கும். 2015 டிசம்பரில் சென்னையும் கடலூரும் இதனைக் கண்டன. வெள்ளம் முதலில் புகுந்தது ஆற்றோரக் குடிசைகளிலும் தாழ்ந்த நிலத்துச் சேரிகளிலும்தான். மேட்டு நிலத்தில் இடம் மறுக்கப்பட்டவர்கள் பள்ளத்தில் குடியேறினர். வெள்ளம் வந்தபின் பள்ளத்தில் ஏன் குடியிருந்தாய் என்று அவர்களையே கேட்கின்றனர். ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் தமிழகத்தில் சட்டம் இயற்றப்பட்டது. ஏரியைக் காப்பது இன்றியமையாத கடமை. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் குடிசைகளை முதலில் அகற்றி மாளிகைகளைக் கடைசியில் அளப்பது நீதியாகாது. அகற்றப்படும் ஏழைக்கு வாழ்வும் வேலையும் கிடைக்கும் இடத்திலேயே மாற்று மனை தரவேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

எனவே நம் சமூக இளைஞர்கள் செய்யத்தக்க பணிகள் சில உண்டு. முதலாவதாக, உங்கள் ஊர் ஏரியின் வரலாற்றை அறியுங்கள். அதன் பரப்பு, மதகுகள், வரத்துக்கால் வரும் வழி, மறுகால் செல்லும் ஊர் ஆகியவற்றைக் கிராம வரைபடத்திலும் பதிவேட்டிலும் பார்த்து எழுதி வையுங்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குத் துணை செய்யும். இரண்டாவதாக, நீர்க்கட்டியாகப் பணிபுரிந்த முதியவர்கள் இருந்தால் அவர்களிடம் அமர்ந்து கேளுங்கள். அவர்கள் எழுத்தறியாதவராக இருக்கலாம், அறிவில்லாதவர் அல்லர். அவர்களோடு மறையும் அறிவு எந்த நூலகத்திலும் கிடைக்காது. மூன்றாவதாக, ஏரியின் மீன் குத்தகை, மரங்கள், வண்டல் மண் ஆகிய பொதுப் பயன்களில் நம் தெருவுக்கும் பங்கு உண்டா என்பதைக் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். நான்காவதாக, நிலநூலும் நீரியலும் பொறியியலும் பயிலுங்கள். நம் பாட்டனார் மதகைத் திறந்தார். எப்போது திறக்கலாம் என்ற ஆணை வேறிடத்திலிருந்து வந்தது. அந்த ஆணையிடும் இருக்கையில் நம் பிள்ளைகளும் அமர வேண்டும்.

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்விக்கென உழைத்து வருவதன் பொருளும் இதுவே. உழைப்பு நம்மிடம் எந்நாளும் இருந்தது, திறமையும் இருந்தது. முடிவெடுக்கும் இடத்தில் நாம் இல்லாதிருந்ததே நம் துன்பத்துக்குக் காரணம். அவ்விடத்தை அடையும் வழி கல்வி.

பனியும் எரிமலையும் நிலப்பிளவும் ஏரிகளைப் படைத்தபோது, இன்னார் குடிக்கலாம், இன்னார் குடிக்கலாகாது என்று எந்தக் கரையிலும் எழுதி வைக்கவில்லை. அந்த எழுத்து மனிதன் எழுதியது. மனிதன் எழுதியதை மனிதனே அழிக்க முடியும் என்பதை 1927இல் மகத் குளக்கரை உலகுக்குக் காட்டிற்று. ஊர்தோறும் உள்ள ஏரிக்கரைகளில் அவ்வேலையை நிறைவு செய்வது இன்றைய தலைமுறையின் பொறுப்பு.